ஊசி போட்ட கையும் ஆலுவாவில் இருந்த பிள்ளையும்

ஊசி போட்ட அன்று கை ஒன்றும் செய்யவில்லை. இடது முன்கையில் கொசு கடித்த அளவுக்குத் தோல் புடைத்தது, சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தேன். மறுநாள் மாலையில் அரிப்பு தொடங்கியது. அதற்கடுத்த நாள் காலையில் பார்த்தால், ஊசி குத்திய இடத்தைச் சுற்றிச் சிவந்து, தடித்து, தொட்டால் சுட்டது.

மட்டாஞ்சேரியில் அந்த மழைக்காலம் முழுவதும் என் கணவர் சுப்பையா இருமிக்கொண்டிருந்தார். ஒருநாள் ரத்தம் வந்தது. நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் காசம் என்று சொல்லி, சானடோரியத்துக்கு (காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைத்து மருந்து கொடுக்கும் இடம்) அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வந்து சோதனை செய்துகொள்ள வேண்டும் என்றார்கள். நானும், இன்னும் தவழ்ந்துகொண்டிருந்த என் மகன் குமாரும் போனோம். என் மாமியார் வரவில்லை. "எனக்கு எதுக்குடி ஊசி? நான் பாக்காத தீனமா? நீ போயிட்டு வா" என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சோதனைக்கு மாண்டூ என்று பெயர் (காசநோய்க் கிருமியிலிருந்து எடுத்த சத்தைச் சொட்டளவு தோலுக்குள் ஏற்றி, இரண்டு மூன்று நாள் கழித்துத் தோல் என்ன செய்கிறது என்று பார்ப்பது). ஊசிக்குள் உயிருள்ள கிருமி கிடையாது. ஊசியால் நோய் வராது. இதை எனக்கு முதலிலேயே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் என் வாழ்க்கையில் ஒரு பெரிய துண்டு மிச்சமாகியிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் தென்காசிப் பக்கத்தில் எட்டாவது வரை படித்தவள். வாக்கு வன்மை எதிர்பார்க்காதீர்கள். கையில் ஊசியைப் போட்டுக்கொண்டு, அது சிவக்குமா சிவக்காதா என்று மணிக்கொரு தரம் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களே, உங்களுக்காகத்தான் இது.

நாங்கள் வெளுப்புத் தொழில் செய்பவர்கள். குஜராத்தி சேட்டுகள் வீட்டுத் துணி, ஓட்டல் விரிப்பு, கப்பல் ஆபீசர்களின் வெள்ளைச் சட்டை எல்லாம் எங்கள் கைக்குத்தான் வரும். இந்த வீட்டுத் துணி அந்த வீட்டுக்குப் போய்விடாமல் இருக்க ஓரத்தில் குறி வைப்போம். சேங்கொட்டையை ஊசியால் குத்தி, அதில் கசியும் கறுப்புப் பாலைத் தொட்டு வைக்கிற குறி, துணி கிழிந்தாலும் போகாது. அந்தப் பால் தோலில் பட்டால் சிவக்கும், அரிக்கும், கொப்புளம் கிளம்பும். எங்கள் வீட்டில் குறி வைப்பது என் வேலை.

என் கையைப் பார்த்ததும் மாமியார் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சேங்கொட்டைப் பால் தெறிச்சிருக்கு. கொட்டையக் குத்தும்போது மூஞ்சிய எங்கயோ வச்சிருந்தா இப்படித்தான்."

"இல்ல அத்தை, இது ஆஸ்பத்திரியில ஊசி போட்ட இடம்."

"ஊசின்னா ஒரு பொட்டு இருக்கும். இது உள்ளங்கை அகலத்துக்குக் கெடக்கே! சாரமில்ல, ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்."

சேங்கொட்டைக்குப் புளியிலைதான் மருந்து. அதைக் கொழகொழவென்று அரைத்து, சூடு பண்ணி, முழங்கை வரைக்கும் அப்பிக் கட்டிவிட்டார். என் அத்தைக்குக் கை தாராளம். எனக்கும் அது இதமாகத்தான் இருந்தது. எத்தனை முறை கட்டியிருக்கிறோம், எத்தனை முறை வற்றியிருக்கிறது.

அந்தக் கட்டோடுதான் கையைக் காட்டப் போனேன். டாக்டர் ஒரு மலையாள அம்மாள். மதராசில் படித்தவர், தமிழ் பேசுவார். துணியை அவிழ்த்துப் பார்த்தார்.

"இதெந்தா பச்சை?"

"புளியெல டாக்டர்."

"ரசம் வைக்கவா?"

பக்கத்தில் நின்ற சிஸ்டர் சிரித்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. இலையைக் கழுவி எடுத்தபோது அடியில் தோல் வெந்து கொப்புளித்திருந்தது. டாக்டர் கண்ணால் பார்ப்பதை விட்டுவிட்டு விரல் நுனியால் மெதுவாகத் தடவித் தடவி ஓர் இடத்தில் நிறுத்தினார். பிறகு சின்ன அளவுகோலை வைத்து அளந்தார்.

"சிவப்பை நான் அளக்கறதில்ல. தடிப்பைத்தான் அளக்கறது. நீ இலை வச்சு சிவப்பைப் பெரிசாக்கியிருக்கே. ஆனா உள்ளே தடிப்பு உண்டு. கிருமி எப்பவோ உன் உடம்புக்குள்ளே வந்திருக்கு."

"அப்ப எனக்கும் காசமா டாக்டர்?"

"வந்திருக்குன்னு சொன்னேன். தீனம்னு சொல்லலை. நெஞ்சுப் படம் எடுக்கட்டும், கஃபம் பார்க்கட்டும். பேடிக்கண்டா, பயப்படாதே."

இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். பயத்தில் இருப்பவர்களுக்கு முதல் வாக்கியம் மட்டும்தான் காதில் விழும். கிருமி உடம்புக்குள் வருவது வேறு, நோய் வருவது வேறு. வந்த கிருமியைப் பெரும்பாலான உடம்புகள் அடக்கி ஒரு மூலையில் உட்காரவைத்துவிடும். தோலின் தடிப்பு கிருமி உள்ளே வந்ததைத்தான் காட்டும். நோய் இருக்கிறதா என்று சொல்லப் படமும் சளிச் சோதனையும் வேண்டும். சிவப்பைப் பார்த்து நீங்களாக முடிவு கட்டாதீர்கள். சொறியாதீர்கள், ஒன்றையும் பூசாதீர்கள். அரிப்புத் தாங்காவிட்டால் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு, கையைக் காட்டும் நாளில் தவறாமல் போய் நில்லுங்கள்.

குமாரின் கையில் ஒன்றுமே இல்லை. பிஞ்சுத் தோல், போட்டது போட்டபடி இருந்தது. அது நல்ல சேதி. கைக்குழந்தைக்குத் தடித்திருந்தால் டாக்டர் வேறு மாதிரி பேசியிருப்பார். அவன் தோளில் பி.சி.ஜி. (காசநோய் வராமல் தடுக்கப் போடும் ஊசி) குத்தினார்கள்.

சில நாள் கழித்து, பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டு முடிவு கேட்கப் போனேன். என் நெஞ்சுப் படம் சுத்தமாக இருந்தது. சளியில் கிருமி இல்லை. அவ்வப்போது வந்து காட்டினால் போதும், அப்பாவிடம் மட்டும் பிள்ளையைக் கொண்டுபோகாதே, நீ தாராளமாகப் பால் கொடு என்றார் டாக்டர். கடைத்தெருவின் சுக்கு வாசனையை எல்லாம் தாண்டி நான் ஏறக்குறைய ஓடித்தான் வீட்டுக்கு வந்தேன்.

வீட்டில் பிள்ளையின் துணிகள் மடித்து மூட்டை கட்டியிருந்தன. ஆலுவாவில் வாழ்க்கைப்பட்ட என் மதினி, அதாவது சுப்பையாவின் அக்கா, தம்பியைப் பார்க்க வந்தவள், இடுப்பில் குமாரை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. என் முகத்தைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள்.

நான் டாக்டர் சொன்னதை எல்லாம் சொன்னேன். மாமியார் பொறுமையாகக் கேட்டார்.

"படம் நெஞ்சுக்குள்ள எடுத்தது. அது எனக்குத் தெரியாது. கையில இருக்கறது எனக்குத் தெரியும். இது சேங்கொட்டைன்னா புளியெலைக்கு வத்தியிருக்கணும். வத்தலையே! அவன் கூடப் படுத்ததுக்கு உனக்கு விழுந்த குறி இது. இந்தக் குறி போகட்டும், பிள்ளை வரட்டும்."

அவரைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே மகன் ரத்தம் துப்புவதைப் பார்த்த பயம் அது. பேரனையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று கிடந்து தவித்தார். நானும் மல்லுக்கு நிற்கவில்லை. டாக்டரை நம்பினேன். ஆனால் கொப்புளித்த கையைப் பார்க்கும்போது என்னையே எனக்கு நம்பிக்கையில்லை. என்னிடமிருந்து என் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அந்த ஒரு கேள்விதான் என் வாயைக் கட்டிப்போட்டது. போட் ஜெட்டி வரைக்கும் பின்னாலேயே போனேன். எர்ணாகுளம் போகும் போட்டில் மதினி ஏறி உட்கார்ந்தாள். குமார் போட்டின் மணிச்சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டே போனான்.

அன்று சாயங்காலமே மார்பு கட்டிக்கொண்டது. பிழிந்து வாழை மூட்டில் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். காய்ச்சல் வந்துவிட்டது. மாமியார் மல்லிகைப் பூ வாங்கிவந்து, மார்போடு சேர்த்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். எங்கள் பக்கத்தில் பாலை வற்றவைக்க அப்படித்தான் செய்வார்கள். கட்டும்போது அவரும் அழுதார், நானும் அழுதேன். பால் வற்றிப்போனது. இன்றைக்கு வரைக்கும் நான் மல்லிகைப் பூ வைத்துக்கொள்வதில்லை.

வீக்கம் சில வாரங்களில் வடிந்தது. ஆனால் அந்த இடத்தில் காசு அகலத்துக்குக் கறுத்த ஒரு தடம் தங்கிவிட்டது. தானாக மங்கும், விட்டுவிடு என்று சிஸ்டர் சொல்லியிருந்தாள். யார் விட்டார்கள்? ஊரார் துணியின் கறையை எல்லாம் எடுப்பவள் நான், என் கையில் இருப்பதை எடுக்கமாட்டேனா என்று ஒரு வீம்பு. எலுமிச்சம்பழம் தேய்த்தேன். சவுக்காரம் தேய்த்தேன். துறையில் யாரும் பார்க்காதபோது பிளீச்சிங் பவுடரைக்கூடத் தொட்டு வைத்தேன். தோல் உரிந்து, புண்ணாகி, ஆறி, முன்னைவிடக் கறுத்தது. மாமியார் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, பேரனைப் பார்க்கத் தனியாக ஆலுவாவுக்குப் போவார். வந்ததும் ஒவ்வொன்றாகச் சொல்வார். பல் வந்துவிட்டது. எழுந்து நிற்கிறான். சுவரைப் பிடித்து நடக்கிறான். கேட்கக் கேட்க எனக்கு ஆசையும் தீரவில்லை, ஆத்திரமும் அடங்கவில்லை.

ஒரே ஒருமுறை என்னையும் கூட்டிப்போனார். தொடக்கூடாது என்று சொல்லித்தான் கூட்டிப்போனார். பெரியாற்றங்கரையில் மதினி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். குமார் அவள் காலடியில் மணலில் உட்கார்ந்திருந்தான். அவன் தோளில் ஊசி குத்திய இடம் பழுத்துச் சின்னப் புண்ணாக இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பேடிக்காதே, இது இப்படித்தான் பழுத்து ஆறுமாம். ஒண்ணும் போடக்கூடாதுன்னு ஆஸ்பத்திரியில சொல்லியிருக்கா, நான் ஒண்ணும் போடலை" என்றாள் மதினி. என் கைக்கு நடந்ததைப் பார்த்து அவளாவது கற்றுக்கொண்டாள்.

அப்போது குமார் என்னைப் பார்த்துவிட்டான். சிரித்து இரண்டு கையையும் நீட்டினான்.

நான் பின்னால் நகர்ந்தேன்.

அவன் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது. பிறகு மதினி பக்கம் திரும்பி அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு மாமியார் கூப்பிட்டும் நான் போகவில்லை. பார்க்காமல் இருப்பது அதைவிடச் சுலபம் என்று நினைத்தேன். சுலபமாக இல்லை. பகலில் வேலை ஓடும். பிற்பகலில் துணி காயும் நேரத்தில் கை சும்மா இருக்கும். அந்நேரத்தில் அவனைத் தூக்க வேண்டும்போல இரண்டு கையும் ஒரு கனம் கனக்கும். கையில் ஒன்றும் இல்லாமல் கை கனப்பதைப் பற்றி எந்த டாக்டரிடம் சொல்வது?

அங்கே சானடோரியத்தில் சுப்பையாவுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் மாத்திரைகளும் பிடித்துக்கொண்டன. எடை கூடுகிறது, சளியில் கிருமி இல்லை என்று சேதி வந்தது. அவர் திரும்பி வருவதற்கு முன்னால் வீட்டில் எல்லோரையும் பார்க்க வேண்டும், சோதனை செய்துகொள்ளாதவர்கள் கட்டாயம் வர வேண்டும் என்று டாக்டர் சொல்லியனுப்பினார். மகன் வருகிறான் என்றதும் மாமியாருக்கு மறுத்துப் பேச வாயில்லை. என்னோடு வந்தார்.

டாக்டர் முதலில் என் கையைப் பார்த்தார். "இத்தனை மாசம் ஆச்சு, ஏன் இப்படிக் கிடக்கு? இதில் என்னவெல்லாம் தேய்ச்சே?" என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏன் தேய்த்தேன் என்பதையும் சொன்னேன். பிள்ளை ஆலுவாவில் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு மாமியாரைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. "அம்மே, அந்தக் கையை நீட்டுங்க" என்று மட்டும் சொல்லி, தானே ஊசியைப் போட்டார். "புளியிலை வேண்டா, கேட்டோ" என்றார்.

மறுநாள் மாமியார் கையைப் புடவைத் தலைப்புக்குள் மூடிக்கொண்டே திரிந்தார். அதற்கு மறுநாள் காலையில் கஞ்சி போடத் துணியை எடுத்தபோது தலைப்பு நழுவியது. முன்கையில் சிவந்து, திரண்டு, என்னுடையதைவிடப் பெரிதாக இருந்தது.

அவர் உட்கார்ந்துவிட்டார். "அப்ப எனக்கும் அந்தத் தீனமாடி?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கணத்தில் குத்திக்காட்டத் தோன்றியது என்பதை மறைக்க மாட்டேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிக் குத்திக்காட்டுவது? பக்கத்தில் உட்கார்ந்தேன். மடியில் கிடந்த துணியின் ஓரத்தைத் திருப்பிக் காட்டினேன்.

"அத்தை, இந்தக் குறி என்ன சொல்லுது?"

"சேட்டு வீட்டுத் துணின்னு சொல்லுது."

"அழுக்குத் துணியா, வெளுத்த துணியான்னு சொல்லுமா?"

அவர் துணியைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"கிருமி ஒருக்கா உள்ள வந்திருக்குன்னு மட்டும்தான் இது சொல்லும் அத்தை. டாக்டர் அன்னைக்கே சொன்னா. எனக்குத்தான் உங்ககிட்ட சொல்லத் தெரியல."

பிறகு அவர் வேறொன்றைச் சொன்னார். "வாரா வாரம் போய் அவனை மடியில வச்சுக் கொஞ்சிட்டு வந்தேனே. இந்தக் கையாலதானே சோறு ஊட்டினேன். அவனுக்கு ஒண்ணும் ஆகலையே."

கையைக் காட்டி, படம் எடுத்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்று அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. என்னை மட்டும் அனுப்பிவிட்டு, ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போட் ஏறிவிட்டார்.

மறுநாள் நண்பகலில் குமார் வந்தான். நடந்தே வந்தான், மாமியாரின் விரலைப் பிடித்துக்கொண்டு. தலையில் வேறொரு வீட்டு எண்ணெய் வாசனை. நான் குளித்து, நல்ல புடவை கட்டி, வாசலில் உட்கார்ந்திருந்தேன். கையை நீட்டினேன். அவன் மாமியாரின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

வற்புறுத்தவில்லை. எனக்கும் ரோசம் உண்டு. அதைவிடப் பயம் அதிகம். அவன் சோறு தின்பதை, தூங்குவதை, மதினியைத் தேடி வாசலுக்குப் போய் நிற்பதை எட்ட இருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆலுவாவில் மதினி எப்படி அழுதுகொண்டிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அந்த வலியின் எல்லா மூலைமுடுக்கும் எனக்குத் தெரியும்.

சில நாள் கழித்து ஒரு பிற்பகலில் நான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தேன். தூங்கி எழுந்து வந்தவன் வீடு முழுக்கப் பார்த்தான். என்னைத் தவிர யாரும் இல்லை. உதடு பிதுங்கியது. பிறகு பக்கத்தில் வந்து, தெருவில் போகும் இளம்பெண்களை இந்த ஊர்ப் பிள்ளைகள் கூப்பிடுவதுபோல என்னைக் கூப்பிட்டான்.

"சேச்சி, வெள்ளம்."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தான். தம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகாமல் என் முழங்காலில் சாய்ந்து நின்றான். மார்பில் பால் இறங்குவதுபோல ஓர் இழுப்பு வந்தது. பால் எங்கே இருக்கிறது? மாதங்கள் போய்விட்டதை என் உடம்பிடம் யாரும் சொல்லவில்லைபோலும்.

சேச்சி என்று சொல்லாதே, அம்மா என்று சொல்லு என்று மாமியார்தான் அவனைத் திருத்திக்கொண்டே இருந்தார். நான் திருத்தவில்லை. எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் ஓடினேன். அவன் முதன்முதலாக எப்போது அம்மா என்றான் என்பது எனக்கு நினைவில்லை.

சுப்பையா நலமாகத் திரும்பிவந்தார். இன்று வரை அவருக்குத் தொந்தரவு இல்லை. என் கையில் தடம் எப்போது மறைந்தது என்று நான் கவனிக்கவில்லை. குமார் இப்போது ஹைஸ்கூல் போகிறான், மலையாளத்தில் நன்றாகப் படிக்கிறான். விடுமுறை விட்டால் ஆலுவாவுக்கு ஓடிவிடுவான். நான் எழுதும் இந்தத் தமிழ் அவனுக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.

சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் வாசலிலிருந்தே "அம்மா" என்று கத்துவான். நான் உடனே பதில் சொல்வதில்லை. "அம்மைக்குக் காது கேக்காதா?" என்று பையை வீசிக்கொண்டே கேட்பான்.

கேட்கும். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்றுதான் பேசாமல் இருப்பேன்.